பட்டப்பகலில் அருவியைப் பட்டுபோல எடுக்க முடியுமா? சின்ன டிஜிட்டல் கேமராவில் என்.டி. ஃபில்டர்: முழு விளக்கம்

மழைக்காலம். கர்நாடகத்தின் ஜோக் அருவிக்கு எதிரே நிற்கிறீர்கள். 253 மீட்டர் உயரத்திலிருந்து ஷராவதி ஆறு ராஜா, ராணி, ரோரர், ராக்கெட் என்று நான்கு தாரைகளாக விழுகிறது. சட்டைப் பையிலிருந்து உங்கள் சின்ன டிஜிட்டல் கேமராவை எடுத்து ஒரு கிளிக். திரையில் பார்த்தால் தண்ணீர் அப்படியே உறைந்துபோய், வெள்ளை வெள்ளையாகச் சிதறிக் கிடக்கிறது. மற்றவர்கள் எடுத்த படங்களில் பார்த்த, பட்டுத்துணி வழிவது போன்ற அருவி இதில் இல்லை.

'ஷட்டரைக் கொஞ்ச நேரம் திறந்து வைத்தால் தண்ணீர் வழிவது பதிவாகும்' என்று யாரோ சொன்னது ஞாபகம் வருகிறது. ஷட்டர் வேகத்தை ஒரு விநாடிக்கு மாற்றுகிறீர்கள். இப்போது படமே இல்லை, வெறும் வெள்ளை!

இந்த இடத்தில்தான் என்.டி. ஃபில்டர் தேவைப்படுகிறது. செல்போன் வந்த பிறகு பலர் அலமாரியில் போட்டுவைத்த சின்ன டிஜிட்டல் கேமராக்களை இளைஞர்கள் மறுபடி தேடி வாங்கும் காலம் இது. அதில் இந்த ஃபில்டரை எப்படிப் பயன்படுத்துவது, எங்கே ஏமாறுவோம், எங்கே கண்ணுக்கே ஆபத்து என்று பார்க்கலாம் வாங்க.

என்.டி. ஃபில்டர் என்றால் என்ன?

'நியூட்ரல் டென்சிட்டி' என்பதன் சுருக்கம்தான் என்.டி. சுருக்கமாகச் சொன்னால் கேமராவுக்கு ஒரு கூலிங் கிளாஸ். சாம்பல் நிறக் கண்ணாடி. எல்லா நிற ஒளியையும் ஒரே அளவில் குறைக்கும்; அதனால் நிறம் மாறாமல் வெளிச்சம் மட்டும் குறையும்.

வெளிச்சம் குறைந்தால் என்ன லாபம்? ஷட்டரை அதிக நேரம் திறந்து வைக்கலாம். அந்த நேரத்தில் பாறை அசையாது, தண்ணீர் அசையும். அசைகிற தண்ணீர் கோடாக, பிறகு புகையாகப் பதிவாகும்.

பெட்டியின் மேல் உள்ள எண்ணைப் படிப்பது எப்படி?

இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். ஒரே ஃபில்டருக்கு இரண்டு விதமான எண்கள் உண்டு. வெளிச்சத்தை எத்தனையில் ஒரு பங்காகக் குறைக்கிறது என்பது ஒரு முறை. ஒளி அடர்த்தி எண் இன்னொரு முறை. வெளிச்சம் ஒருமுறை பாதியாவதை ஒரு 'ஸ்டாப்' என்பார்கள்.

• என்.டி.2 = 0.3 = 1 ஸ்டாப் (வெளிச்சம் பாதி)
• என்.டி.4 = 0.6 = 2 ஸ்டாப் (கால் பங்கு)
• என்.டி.8 = 0.9 = 3 ஸ்டாப் (எட்டில் ஒரு பங்கு)
• என்.டி.64 = 1.8 = 6 ஸ்டாப் (64-ல் ஒரு பங்கு)
• என்.டி.1000 = 3.0 = 10 ஸ்டாப் (சுமார் ஆயிரத்தில் ஒரு பங்கு)

ஆக, '3.0' என்று போட்டிருப்பதைப் பார்த்து 'மூணு ஸ்டாப் தானே' என்று வாங்கிவிடாதீர்கள். அது பத்து ஸ்டாப். கண்ணுக்கு நேராகப் பிடித்தால் கிட்டத்தட்ட கறுப்புக் கண்ணாடி. மூன்று ஸ்டாப் வேண்டுமென்றால் '0.9' அல்லது '8' என்று இருக்க வேண்டும்.

சின்ன கேமராவுக்கு இது ஏன் கூடுதலாகத் தேவை?

பெரிய கேமராவில் லென்ஸின் துவாரத்தை, அதாவது அப்பர்ச்சரை, எஃப்/16, எஃப்/22 வரை சுருக்கலாம். அப்படிச் சுருக்கினாலே வெளிச்சம் நன்றாகக் குறையும். சின்ன கேமராக்களில் பெரும்பாலும் எஃப்/8 அல்லது எஃப்/11-உடன் கதை முடிந்துவிடும்.

அதற்கும் காரணம் இருக்கிறது. சென்சார் சிறியது என்பதால் துவாரமும் மிகச் சிறியது. அதை இன்னும் சுருக்கினால் ஒளி அந்த விளிம்பில் வளைந்து பரவி, படம் முழுவதும் லேசாக மங்கிவிடும். ஒரு இன்ச் வகை சென்சார் உள்ள கேமராவில் எஃப்/8 வைத்தாலே, இந்த மங்கல் விஷயத்தில் ஃபுல் ஃப்ரேம் கேமராவில் எஃப்/22 வைத்ததற்குச் சமம். அதனால் சின்ன கேமராவில் எஃப்/4, எஃப்/5.6 என்று வைத்துக்கொண்டு, வெளிச்சத்தைக் குறைக்கும் வேலையை ஃபில்டரிடம் விடுவதுதான் நல்லது.

இன்னொரு விஷயம். விலை குறைந்த பல சின்ன கேமராக்களில் சுருங்கி விரியும் துவாரமே கிடையாது. திரையில் எஃப் எண் மாறுவதுபோலக் காட்டும். ஆனால் உள்ளே நடப்பது, ஒரு குட்டி என்.டி. ஃபில்டர் லென்ஸுக்குள் வந்து விழுவதுதான். அப்படிப்பட்ட கேமராவில் அதை உங்கள் விருப்பத்துக்குக் கட்டுப்படுத்த முடியாது.

வாங்கும் முன் மெனுவைப் பாருங்கள்

காசு செலவழிப்பதற்கு முன் செய்யவேண்டிய முதல் வேலை இது. உங்கள் கேமராவுக்குள்ளேயே என்.டி. ஃபில்டர் இருக்கலாம்! உதாரணமாக:

• கேனான் பவர்ஷாட் ஜி7 எக்ஸ் வரிசை: 3 ஸ்டாப்
• சோனி ஆர்எக்ஸ்100-ன் மூன்றாம், நான்காம், ஐந்தாம் மாடல்கள்: 3 ஸ்டாப் (ஆறாம், ஏழாம் மாடல்களில் இல்லை)
• ரிக்கோ ஜிஆர் 3: 2 ஸ்டாப்
• ஃபியூஜிஃபில்ம் எக்ஸ்100எஃப்: 3 ஸ்டாப், எக்ஸ்100வி, எக்ஸ்100 ஆறாம் மாடல்: 4 ஸ்டாப்

மெனுவில் 'என்.டி. ஃபில்டர்' என்ற வரியில் ஆட்டோ, ஆன், ஆஃப் என்று இருக்கும். ஆட்டோவில் விட்டால் வெயில் அதிகமாகும்போது கேமராவே அதைப் போட்டுக்கொள்ளும். அருவி எடுக்கப்போகிறீர்கள் என்றால் 'ஆன்' என்று வைத்துவிடுங்கள். செகண்ட் ஹேண்டில் கேமரா வாங்குபவர்கள் கடையிலேயே இதை ஆன், ஆஃப் செய்து, ஷட்டர் வேகம் மாறுகிறதா என்று சோதித்துவிடுவது நல்லது.

மூன்று ஸ்டாப் போதுமா?

இடத்தைப் பொறுத்தது. ஐ.எஸ்.ஓ. 100, எஃப்/8 என்று வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

• மரங்கள் அடர்ந்த காட்டு நிழல்: ஃபில்டர் இல்லாமல் 1/15 விநாடி. 3 ஸ்டாப் போட்டால் அரை விநாடி. அருமை, இது போதும்.
• மேகமூட்டம்: ஃபில்டர் இல்லாமல் 1/60. 3 ஸ்டாப்பில் 1/8 விநாடி. தண்ணீர் வழியத் தொடங்கும். முழுப் பட்டு ஆகாது. 6 ஸ்டாப்பில் ஒரு விநாடி.
• உச்சி வெயில்: ஃபில்டர் இல்லாமல் 1/500. 3 ஸ்டாப்பில் வெறும் 1/60. தண்ணீர் அப்போதும் ஏறக்குறைய உறைந்தேதான் இருக்கும். 6 ஸ்டாப்பில் 1/8. 10 ஸ்டாப்பில் 2 விநாடி.

எஃப்/8-க்குப் பதிலாக எஃப்/5.6 வைத்தால் இந்த நேரங்கள் எல்லாம் பாதியாகும். அதையும் சேர்த்துக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

அருவிக்கு அரை விநாடியிலிருந்து இரண்டு விநாடி வரை நன்றாக இருக்கும். அதற்கு மேல் போனால் தாரையின் இழைகள் கரைந்து, வெறும் வெள்ளைப் பூச்சாகிவிடும். கடலலையைப் பனிமூட்டம் போல ஆக்க வேண்டுமானால் பத்து விநாடிக்கு மேல் வேண்டும். ஒரே ஒரு ஃபில்டர்தான் வாங்க முடியும் என்றால் 6 ஸ்டாப், அதாவது என்.டி.64, எடுப்பது பெரும்பாலோருக்குச் சரியாக இருக்கும்.

மரையே இல்லாத லென்ஸில் எப்படி மாட்டுவது?

பெரிய லென்ஸின் முன்பக்கம் திருகு மரை இருக்கும். ஃபில்டரை அதில் திருகிவிடலாம். சின்ன கேமராவில் மரை இருக்காது. லென்ஸ் உள்ளே வெளியே போய்வரும். முன்னால் இமை போன்ற மூடி வேறு. வழிகள் மூன்று.

முதல் வழி, அடாப்டர் குழாய். கேனான் ஜி10, ஜி11, ஜி12 போன்ற பழைய மாடல்களில் லென்ஸைச் சுற்றியுள்ள வளையத்தைக் கழற்றிவிட்டு ஒரு குழாயை மாட்டலாம். அதன் முனையில் 58 மி.மீ. ஃபில்டர் போடலாம். எடை முழுவதும் கேமரா உடலின் மேல்தான் விழும் என்பதால் லென்ஸுக்குப் பாதுகாப்பானது இதுதான்.

இரண்டாவது வழி, ஒட்டும் வளையம். லென்ஸின் முன் விளிம்பில் ஒட்டிவிட வேண்டும். சோனியே ஆர்எக்ஸ்100 வரிசைக்கு 49 மி.மீ. ஃபில்டர் போடும்படி இப்படி ஒரு வளையம் கொடுத்தது. காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும் வகைகளும் உண்டு. இதில் இரண்டு எச்சரிக்கைகள். வளையம் லென்ஸின் இமை மூடியைத் தொடாதபடி நடுவாக ஒட்ட வேண்டும். அடுத்து, லென்ஸை நகர்த்தும் மோட்டார் மிகச் சின்னது. கனமான கண்ணாடியையோ ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு ஃபில்டரையோ மாட்டினால் அது திணறும். கேமராவை அணைக்கும் முன் ஃபில்டரைக் கழற்றும் பழக்கம் வேண்டும். தானாக அணையும் வசதி இருந்தால் அதன் நேரத்தைக் கூட்டி வையுங்கள். லென்ஸ் பாதியில் சிக்கிக்கொண்டால், பழுதுபார்க்கும் செலவு பழைய கேமராவின் விலையையே எட்டிவிடலாம்.

மூன்றாவது வழி, கையால் பிடிப்பது. கேமரா ட்ரைபாடில் இருக்க, ஃபில்டரை லென்ஸுக்கு முன்னால் பிடித்துக்கொள்ளலாம். செலவே இல்லை. ஆனால் பின்பக்கத்திலிருந்து வெளிச்சம் புகுந்து கண்ணாடியில் பிரதிபலிக்கும். சுற்றி ஒரு கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டால் ஓரளவு சமாளிக்கலாம். ஃபில்டர் லென்ஸைத் தொட்டுவிட்டால் படம் ஆடிவிடும், கவனம்.

படம் எடுப்பது எப்படி? படிப்படியாக

1. கேமராவை ட்ரைபாடில் வையுங்கள். இல்லையென்றால் ஒரு சின்னத் துணிப்பையில் அரிசியோ மணலோ நிரப்பி, சுவரின் மேல் வைத்து, அதன் மேல் கேமராவை அமர்த்துங்கள். சின்ன கேமராவுக்கு அதுவே போதும். தொல்லியல் துறையின் நினைவுச் சின்னங்களில் ட்ரைபாட் வைப்பதற்கு முன் அங்குள்ளவர்களிடம் கேட்டுவிடுங்கள்.

2. ஐ.எஸ்.ஓ.வை ஆட்டோவிலிருந்து எடுத்து, கேமராவில் உள்ள குறைந்த எண்ணில் (100 அல்லது 125) நிறுத்துங்கள். பலரும் மறப்பது இதைத்தான். ஆட்டோவில் விட்டால், ஃபில்டர் குறைத்த வெளிச்சத்தை கேமரா ஐ.எஸ்.ஓ.வைக் கூட்டி ஈடுகட்டிவிடும். ஃபில்டர் போட்டும் போடாத மாதிரிதான்!

3. ஃபில்டர் போடாமல் ஃபோகஸ் செய்யுங்கள். பிறகு மேனுவல் ஃபோகஸுக்கு மாற்றியோ, ஃபோகஸ் லாக் செய்தோ அதை நிறுத்திவையுங்கள். பத்து ஸ்டாப் ஃபில்டருக்குப் பின்னால் கேமராவுக்குச் சரியாகக் கண் தெரியாது. ஃபோகஸ் தேடித் தேடி அலையும்.

4. ஃபில்டர் இல்லாமல் கேமரா காட்டும் ஷட்டர் வேகத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 1/30 என்று வைத்துக்கொள்வோம். என்.டி.64 போடப்போகிறீர்கள் என்றால் 64-ஆல் பெருக்குங்கள்: 64/30, சுமார் 2 விநாடி. மேனுவல் மோடில் அதை வையுங்கள்.

5. ஃபில்டரை மாட்டுங்கள். ட்ரைபாடில் இருக்கும்போது ஆட்டக் குறைப்பு வசதியை அணைத்துவிடுங்கள். இல்லாத ஆட்டத்தைத் திருத்தப்போய் அது சில கேமராக்களில் படத்தைக் கெடுக்கும்.

6. இரண்டு விநாடி செல்ஃப் டைமரில் எடுங்கள். விரல் அழுத்தும் அதிர்வு படத்தில் வராது.

7. ஹிஸ்டோகிராமைப் பாருங்கள். வலது ஓரத்தில் குவிந்து முட்டினால் அருவியின் வெள்ளை வெளிறிவிட்டது என்று அர்த்தம். நேரத்தைப் பாதியாக்கி மறுபடி எடுங்கள்.

சில கேமராக்களில் ஆட்டோ மோடில் ஒரு விநாடிக்கு மேல் போகவே முடியாது. மேனுவல் மோடில் 15 அல்லது 30 விநாடி வரை கிடைக்கும். மேனுவல் மோடே இல்லாத கேமராவில் 10 ஸ்டாப் ஃபில்டர் வாங்குவது காசுக்குக் கேடு.

வழியில் வரும் சிக்கல்கள்

படம் எடுத்து முடித்த பிறகும் கேமரா வேலை செய்துகொண்டே இருக்கிறதா? பயப்பட வேண்டாம். நீண்ட நேரப் படத்தில் வரும் புள்ளிகளை நீக்க, ஷட்டரை மூடிக்கொண்டு அதே நேர அளவுக்கு இன்னொரு இருட்டுப் படத்தை எடுத்து, முதல் படத்திலிருந்து கழிக்கிறது. 8 விநாடிப் படத்துக்கு இன்னொரு 8 விநாடி காத்திருக்க வேண்டும். நடுவில் பேட்டரியைக் கழற்றிவிடாதீர்கள்.

நிறம் சிவப்பாகவோ பச்சையாகவோ சாய்கிறதா? மலிவான ஃபில்டர்கள் பெயரில்தான் 'நியூட்ரல்'. மிகவும் அடர்த்தியான ஃபில்டர்களில் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர் மட்டும் தப்பி வந்து நிறத்தைக் கெடுப்பதும் உண்டு. ஃபில்டரை மாட்டிய நிலையில் ஒரு வெள்ளைத் தாளைக் காட்டி ஒயிட் பேலன்ஸ் செய்யுங்கள். ரா ஃபைல் வசதி இருந்தால் அதில் எடுத்துப் பிறகு திருத்தலாம்.

'ஒரே ஃபில்டரில் 2 முதல் 400 வரை' என்று விற்கும் திருகு ஃபில்டர்? அதற்குள் இரண்டு போலரைசர் கண்ணாடிகள் இருக்கின்றன. ஒன்றைத் திருப்பத் திருப்ப இருட்டாகும். வசதிதான். ஆனால் கடைசி வரை திருப்பினால் படத்தின் குறுக்கே பெருக்கல் குறி போல ஒரு கறுப்பு நிழல் விழும். சின்ன கேமராக்களின் அகலக் கோணத்தில் இது இன்னும் சீக்கிரம் தெரியும். முழு எல்லைக்கும் போகாமல் பயன்படுத்துங்கள்.

ஜோக் போன்ற இடத்தில் சாரல் சும்மா இருக்காது. ஃபில்டரில் ஒரு துளி பட்டாலும் படத்தில் மங்கலான வட்டமாக விழும். ஒவ்வொரு படத்துக்கும் முன் மைக்ரோஃபைபர் துணியால் துடைத்துவிடுங்கள்.

வீடியோ எடுப்பவர்களுக்கு

விநாடிக்கு 25 ஃப்ரேமில் வீடியோ எடுத்தால் ஷட்டர் 1/50 அருகில் இருந்தால்தான் அசைவு இயல்பாகத் தெரியும் என்பது வழக்கமான கணக்கு. நம்ம ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் விளக்குகள் மினுக்கும் தொல்லையும் 1/50-ல் குறையும். ஆனால் வெயிலில், ஐ.எஸ்.ஓ. 100-ல், பின்னணியை மங்கலாக்க எஃப்/2.8 வைத்தால் கேமரா 1/4000-க்குப் போய்விடும். நடப்பவர்கள் வெட்டி வெட்டி நடப்பதுபோலத் தெரியும். அதை 1/50-க்கு அருகே இறக்க என்.டி.64 வேண்டும். வீட்டு விசேஷங்களை வெட்டவெளியில் எடுப்பவர்களுக்கு அருவியைவிட இதுதான் அதிகம் உதவும்.

கிரகணத்தை இதில் பார்க்கலாமா? கூடாது!

இந்தக் கட்டுரையில் எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். 2019 டிசம்பர் 26 அன்று கேரளம், கர்நாடகம், தமிழ்நாட்டின் சில பகுதிகளில் வளைய சூரிய கிரகணம் தெரிந்தது நினைவிருக்கலாம். இப்படி ஒரு கிரகணம் வரும்போதெல்லாம் 'கறுப்பாகத்தானே இருக்கு' என்று என்.டி. ஃபில்டரைக் கண்ணில் வைத்துப் பார்க்கத் தோன்றும். செய்யாதீர்கள்.

என்.டி.1000 ஒளியை ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைக்கிறது. சூரியனுக்கான தனி ஃபில்டர் லட்சத்தில் ஒரு பங்காகக் குறைக்கிறது. இரண்டுக்கும் நூறு மடங்கு வித்தியாசம். அதோடு, சாதாரண என்.டி. ஃபில்டர்கள் அகச்சிவப்புக் கதிரைச் சரியாகத் தடுப்பதில்லை. கண்ணின் விழித்திரையில் வலி தெரியாது. அதனால் பாதிப்பு நடக்கும்போது உங்களுக்குத் தெரியவே தெரியாது. பழைய சின்ன கேமராக்களில் கண் வைத்துப் பார்க்கும் கண்ணாடித் துவாரம் லென்ஸிலிருந்து தனியாக இருக்கும். லென்ஸில் எந்த ஃபில்டர் மாட்டினாலும் அந்தத் துவாரத்துக்குப் பாதுகாப்பு இல்லை. நேராகப் பார்க்க ஐ.எஸ்.ஓ. 12312-2 தரத்தில் உள்ள கிரகணக் கண்ணாடி மட்டுமே. கேமராவுக்குச் சூரிய ஃபில்டர் மட்டுமே.

ஃபில்டரே வாங்காமல் முடியுமா?

ஓரளவு முடியும். ட்ரைபாடில் வைத்து, கேமரா அசையாமல், 1/8 விநாடியில் எட்டுப் படங்கள் எடுங்கள். கணினியில் கிம்ப் போன்ற இலவச மென்பொருளில் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குங்கள். அடியில் உள்ள படத்துக்கு 100 சதவீதம், அடுத்ததற்கு 50, அதற்கடுத்து 33, பிறகு 25 என்று ஒளிபுகாத் தன்மையைக் குறைத்துக்கொண்டே போனால், எட்டும் சமமாகக் கலக்கும். கிடைப்பது கிட்டத்தட்ட ஒரு விநாடிப் படம். புள்ளிகளும் குறையும். அதிகாலை, மாலை, மேகமூட்டம் என்று நேரம் பார்த்துப் போனாலே பாதி வேலை முடிந்துவிடும்.

அப்படியானால் யார் வாங்கலாம்? கேமராவில் மேனுவல் மோடு இருக்கிறது, உள்ளே என்.டி. இல்லை, வெயில் நேரத்தில்தான் பயணம் அமைகிறது என்றால் வாங்குங்கள். உள்ளேயே மூன்று ஸ்டாப் இருந்தால் முதலில் அதை வைத்து ஒரு பயணம் போய்வாருங்கள். போதவில்லை என்றால் பிறகு யோசிக்கலாம்.

கடைசியாக ஒன்று. பத்து விநாடி ஷட்டர் திறந்திருக்கும்போது உங்கள் கண் திரையில் இருக்கும். கால் பாசி படிந்த பாறையில் இருக்கும். மேலே மழை பெய்தாலோ, அணை திறந்தாலோ ஆற்றில் தண்ணீர் சட்டென்று ஏறும். ஜோக் அருவிக்கு மேலேயும் லிங்கனமக்கி அணை இருக்கிறது. ட்ரைபாடை வேலிக்கு இந்தப் பக்கமே வையுங்கள். கூட வந்தவர் ஒருவரைத் தண்ணீரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். அருவி அடுத்த மழைக்கும் அங்கேயேதான் இருக்கும். நல்ல படத்தை அப்போதும் எடுத்துக்கொள்ளலாம்.